காவிரிப் படுகையின் விலங்கியல் கல்வியும் விலங்குப் பயன்பாட்டு விதிகளும்: தவளையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (1960–2014)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியக் கல்லூரிகளின் விலங்கியல் செய்முறை வகுப்புகளில் தவளையை அறுத்துக் கற்கும் வழக்கம் பல தலைமுறைகளாக நிலவியது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இலும் 2014இலும் வெளியிட்ட நெறிமுறைகள் அதை முடிவுக்குக் கொண்டுவந்தன. ஆனால், மாற்றுக் கற்பித்தல் கருவிகள் போதுமான இடங்களில் விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்னும் கருத்து 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. அக்கருத்து வகுப்பறையை அடைய ஏன் அரை நூற்றாண்டு ஆயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருத்துறைப்பூண்டியை உள்ளடக்கிய காவிரிப் படுகையை நிலைக்களனாகக் கொண்டு, சட்டம், வயல், பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தளங்களில் இம்மாற்றம் நிகழ்ந்த முறையை இது விளக்குகிறது. சட்டத்தின் ஒரு பாதியாகிய தவிர்ப்பு நிறைவேறியது. மறுபாதியாகிய ஈடான மாற்றை வழங்கும் கடமை இன்னும் நிறைவேறவில்லை என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தவளை, விலங்கியல் கல்வி, ருக்மிணி தேவி அருண்டேல், பாரதிதாசன் பல்கலைக்கழகம், காவிரிப் படுகை

முன்னுரை

திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதியில், முள்ளியாற்றுப் பாசனத்தில் அமைந்த ஊர் திருத்துறைப்பூண்டி. வடக்கே மன்னார்குடி, திருவாரூர் வட்டாரங்களின் நெல்வயல்களும் தெற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளும் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இவ்வயல்களில் இரவெல்லாம் கேட்பது தவளைகளின் ஒலி. தவளை கத்தினால் மழை என்னும் வழக்கு இங்கு இன்றும் உண்டு. உழவர்களுக்குத் தவளை, பருவத்தை அறிவிக்கும் உயிர். பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்னும் உயிர்.

இதே தவளைக்கு மற்றொரு வாழ்வும் இருந்தது. கல்லூரிச் செய்முறை அறையின் மெழுகுத் தட்டில், நான்கு கால்களும் ஊசியால் பிணிக்கப்பட்டு, வயிறு திறக்கப்பட்ட நிலையில் அது மாணவர்க்குப் பாடமாயிற்று. தமிழகத்தில் விலங்கியல் பயின்ற பல தலைமுறையினர் இரத்தக் குழாய்களையும் மூளை நரம்புகளையும் தவளையின் உடலில்தான் முதன்முதலாகக் கண்டனர். இன்று அவ்வழக்கம் இல்லை. அது நின்ற வரலாறு தமிழில் முறையாக எழுதப்படவில்லை. எழுதப்படுமிடத்தும் அது 2014ஆம் ஆண்டின் ஒரே ஆணையால் நிகழ்ந்ததாகவே சொல்லப்படுகிறது.

இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. கல்வியில் விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்னும் நெறி 2014இல் பிறந்ததன்று. அது நாடாளுமன்றச் சட்டத்தில் 1960 முதல் எழுத்து வடிவில் இருந்தது. எனவே ஆராயப்பட வேண்டிய வினாக்கள் இரண்டு: எழுத்தில் இருந்த நெறி ஏன் இத்தனை ஆண்டுகள் வகுப்பறையை அடையவில்லை? அடைந்தபோது அது முழுமையாக அடைந்ததா?

கட்டுரையாளர் இப்பகுதியைச் சேர்ந்தவர். 2012 முதல் 2015 வரை இளநிலையில் விலங்கியல் பயின்று, பின்னர் வரலாற்றுத் துறைக்கு வந்தவர். இம்மாற்றம் நிகழ்ந்த ஆண்டுகளில் செய்முறை அறையில் மாணவராக இருந்த அனுபவமே இவ்வினாக்களுக்குத் தூண்டுதலாயிற்று.

1. செய்முறை அறைக்குத் தவளை வந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உயிரியல் கல்வி புதிய வடிவம் பெற்றது. தாமஸ் ஹக்ஸ்லியும் ஹென்றி நியூவெல் மார்ட்டினும் 1875இல் வெளியிட்ட செய்முறை உயிரியல் கையேடு, ஒவ்வொரு விலங்குத் தொகுதிக்கும் ஒரு மாதிரி உயிரைத் தேர்ந்து, அதை மாணவர் தம் கையாலேயே அறுத்து அறிய வேண்டும் என்னும் முறையை நிலைநாட்டியது. முதுகெலும்பிகளுக்கு உரிய மாதிரிகளுள் தவளை முதன்மை பெற்றது. 1882இல் ஆர்தர் மில்ன்ஸ் மார்ஷல் தவளை ஒன்றுக்கே தனி நூல் எழுதினார்.

தவளை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் எளியவை. அது சிறியது, விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது. அதன் உறுப்பமைப்பு மனித உறுப்பமைப்போடு ஒப்பிடத்தக்க அளவு தெளிவானது. உடலியங்கியலுக்கு மற்றொரு காரணமும் இருந்தது. மூளையும் தண்டுவடமும் அழிக்கப்பட்ட பின்னரும் தவளையின் இதயம் நெடுநேரம் துடிக்கும். கால்தசை மின்தூண்டலுக்குச் சுருங்கும். ஆகவே மருத்துவக் கல்லூரிகளின் உடலியங்கியல் ஆய்வகங்களுக்கும் தவளை இன்றியமையாததாயிற்று. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற காலத்தில், இந்திய மருத்துவப் பாடத்திட்டம் முழுவதிலும் தவளையின் நரம்புத்தசைச் செய்முறை நிலைபெற்றுவிட்டது.

இந்தியக் கல்லூரிகள் இம்முறையைப் பெற்றபோது, ஐரோப்பியத் தவளைக்கு ஈடாக உள்ளூர் இனங்களைத் தேட வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் அவ்விடத்தை இரு இனங்கள் நிரப்பின. ஒன்று, குளங்களிலும் கோயில் தெப்பங்களிலும் மிதக்கும் பச்சைத் தவளையாகிய ரானா ஹெக்சாடாக்டைலா. 1834இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசோன் இவ்வினத்தை அறிவியலுக்கு விவரித்தது புதுச்சேரியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டுதான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மற்றொன்று, மழைக்காலத்தில் வயல்களில் பெருங்குரல் எழுப்பும் பெரிய தவளையாகிய ரானா டைகிரினா. இன்றைய வகைப்பாட்டில் இவை முறையே யூஃப்ளிக்டிஸ், ஹோப்லோபட்ராக்கஸ் என்னும் பேரினங்களில் வைக்கப்பட்டுள்ளன.

ஆய்வகத்திற்கென வளர்க்கப்பட்ட வெள்ளெலிக்கும் இத்தவளைகளுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. வெள்ளெலி விலங்குக் கூடத்தில் பிறந்து அங்கேயே இறப்பது. தவளையோ வயலிலும் குளத்திலும் பிடிக்கப்பட்டுச் சாக்குப்பைகளில் வந்து சேர்ந்தது. எனவே கல்லூரியின் செய்முறைத் தேர்வுக்கும் வெளியே உள்ள நிலத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. விலங்குப் பயன்பாட்டு விதிகளின் வரலாற்றில் தவளை தனியிடம் பெறுவதற்கு இத்தொடர்பே காரணம்.

2. சட்டத்தின் வேர்: 1876 முதல் 1960 வரை

விலங்குச் சோதனைகளை ஒழுங்குபடுத்திய முதற்சட்டம் பிரிட்டனின் 1876ஆம் ஆண்டு விலங்குவதைச் சட்டமாகும். உயிருள்ள முதுகெலும்பிகள் மீதான சோதனைகளுக்கு உரிமம் வேண்டும் என்றும், கைத்திறன் பெறுவதற்காக மட்டும் சோதனை செய்தல் கூடாது என்றும் அது விதித்தது. இந்தியாவுக்கென ஆங்கில அரசு 1890இல் இயற்றிய விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வேறு நோக்கம் கொண்டது. வண்டி மாடுகளையும் குதிரைகளையும் பொதுவிடங்களில் துன்புறுத்துவதே அதன் கவலை. ஆய்வகம் அதன் பார்வைக்கு வரவில்லை. தன் நாட்டு ஆய்வகத்திற்கு உரிமம் கேட்ட அரசு, ஆட்சிப்பகுதியின் ஆய்வகத்தை விதியின்றி விட்டது என்பது இவ்விரு சட்டங்களையும் ஒப்பிடும்போது தெளிவாகிறது.

இவ்வெற்றிடத்தை நாடாளுமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் மதுரையில் பிறந்து, 1936இல் சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற அவர், அடுத்த ஆண்டு விலங்குவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். பிரதமர் நேரு அதன் நோக்கத்தை ஏற்றார். ஆயினும், அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்து அதைத் திரும்பப்பெறுமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறே மசோதா திரும்பப்பெறப்பட்டது. பின்னர் அரசு கொண்டுவந்த சட்டமே 1960ஆம் ஆண்டின் 59ஆம் எண் சட்டமாகிய விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவராகவும் ருக்மிணி தேவி பணியாற்றினார். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையிலேயே இருந்தது.

சட்டத்தின் நான்காம் இயல் விலங்குச் சோதனைகளைப் பற்றியது. அதன் தொடக்கமாகிய 14ஆம் பிரிவு, அறிவை வளர்க்கவோ நோயை எதிர்க்கவோ செய்யப்படும் சோதனைகள் சட்டவிரோதமாகா என்று உரைக்கிறது. 15ஆம் பிரிவு, சோதனைகளைக் கட்டுப்படுத்தவும் மேற்பார்வையிடவும் ஒரு குழுவை அமைக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. சோதனையைத் தடை செய்வதன்று, நெறிப்படுத்துவதே சட்டத்தின் நோக்கம் என்பது இதனால் பெறப்படும்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1959இல், பிரிட்டனில் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் எழுதிய நூல் விலங்குச் சோதனைக்கு மூன்று நெறிகளை வகுத்தது: விலங்குக்கு மாற்றைத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். இன்று உலகெங்கும் ஆய்வு அறவியலின் அடிப்படையாக ஏற்கப்பட்ட நெறிகள் இவை. இவற்றுள் முதல் நெறியை ஒத்த கருத்து இந்தியச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அதே காலத்தில் காணப்படுவது குறிப்பிடத்தக்கது.

3. பதினேழாம் பிரிவும் தவளையின் இடமும்

சோதனைகளுக்கான விதிகளை வகுக்கும்போது குழு எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதைப் பதினேழாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பட்டியலிடுகிறது. அவற்றுள் மூன்று கூறுகள் இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை.

முதலாவது: இயலுமிடங்களிலெல்லாம் விலங்குச் சோதனை தவிர்க்கப்பட வேண்டும், சான்றாக, மருத்துவப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நூல்கள், மாதிரியுருக்கள், திரைப்படங்கள் போன்ற பிற கற்பித்தல் கருவிகள் அதே அளவு போதுமானவையாக இருப்பின் விலங்குகளைத் தவிர்த்தல் வேண்டும். இரண்டாவது: சிறு ஆய்வக விலங்குகளைக் கொண்டு அதே முடிவைப் பெற முடியுமாயின், பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும். மூன்றாவது: இயன்றவரை, கைத்திறன் பெறுவதற்காக மட்டும் சோதனை செய்தல் கூடாது. இம்மூன்றாம் கூறு 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சி என்பது வெளிப்படை.

இரண்டாம் கூறு சிறு ஆய்வக விலங்குகளுக்கு எடுத்துக்காட்டாகக் கினிப்பன்றி, முயல், எலி ஆகியவற்றோடு தவளையையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. முதற்கூறின்படி மாதிரியுருக்கள் போதுமான கல்லூரியில் தவளை தவிர்க்கப்பட வேண்டிய உயிர். இரண்டாம் கூறின்படி நாய்க்கும் பூனைக்கும் பதிலாகத் தவளையே மாற்று. ஆக, சட்டம் காக்க முனைந்த உயிராகவும் காப்பதற்காகக் கொடுக்கப்பட்ட விலையாகவும் தவளை ஒரே பிரிவில் நிற்கிறது. சட்டத்தில் முரண் உள்ளது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தவளையைப் பயன்படுத்துவோர் தாம் ஏற்கெனவே நெறியைப் பின்பற்றுவதாகக் கருதிக்கொள்ள இது இடமளித்தது.

முதற்கூறில் உள்ள நிபந்தனையும் கூர்ந்து நோக்கத்தக்கது. மாற்றுக் கருவிகள் இருத்தல் மட்டும் போதாது. அவை அதே அளவு போதுமானவையாக இருத்தல் வேண்டும். இந்நிபந்தனை இருமுனை உடையது. மாற்று ஈடாக இல்லை என்று கூறி விலங்கைப் பயன்படுத்துவதற்கு அது வழிவிடுகிறது. அதேவேளை, விலங்கை விலக்குவோர் ஈடான மாற்றை வழங்க வேண்டும் என்னும் பொறுப்பும் அதனுள் அடங்கியுள்ளது. பிற்கால வரலாற்றில் இவ்விரு முனைகளும் வெவ்வேறு காலங்களில் வெளிப்பட்டன.

4. விதி எழுத்தில் நின்ற காலம்

சட்டம் கூறிய மேற்பார்வைக் குழு 1964இல் அமைக்கப்பட்டது. சோதனைகளுக்கான விதிகள் 1968இல் வந்தன. ஆயினும் கல்லூரி வகுப்பறையில் மாற்றம் எதுவும் நிகழவில்லை. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதற்காரணம் சொற்பொருள் சார்ந்தது. சட்டம் பேசியது சோதனையைப் பற்றி. மூளையை அழித்து, துடிக்கும் இதயத்தில் மருந்து செலுத்திப் பார்க்கும் உடலியங்கியல் செய்முறை ஐயமின்றிச் சோதனையாகும். விலங்கியல் வகுப்பிலோ தவளை குளோரோபார்மால் கொல்லப்பட்ட பின்னரே அறுக்கப்பட்டது. இறந்த உடலை அறுத்துப் பார்ப்பது சோதனையா, வெறும் உடற்கூற்றுப் பாடமா என்னும் வினாவுக்குச் சட்டத்தில் நேரடி விடை இல்லை. எனவே விலங்கியல் துறை தன்னைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்துக்கொள்ள வாதம் இருந்தது.

இரண்டாம் காரணம் தண்டனையின் அளவு. குழுவின் ஆணையை மீறுவோர்க்கு 20ஆம் பிரிவு விதித்தது 200 ரூபாய்க்கு மிகாத அபராதம். 1960இல் அத்தொகை சிறிதன்று. பணவீக்கத்தால் பிற்காலத்தில் அது பெயரளவினதாயிற்று. சட்டத்தில் அத்தொகை மாற்றப்படாமலே நின்றது.

மூன்றாம் காரணமே முதன்மையானது. அது தேர்வு முறை. பல்கலைக்கழகத்தின் செய்முறைத் தேர்வில் தவளையின் தமனி மண்டலத்தையோ மூளை நரம்புகளையோ அறுத்துக் காட்டுவதற்கு மதிப்பெண் இருந்தது. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை காவிரிப் படுகைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பூண்டி புட்பம் கல்லூரி, கும்பகோணம் அரசுக் கல்லூரி, திருவாரூர் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி, மன்னார்குடி அரசு கலைக் கல்லூரி என எக்கல்லூரியாயினும் பாடத்திட்டத்தைத் தானாக மாற்ற இயலாது. மாணவர் விரும்பாவிடினும் அறுக்க வேண்டும். ஆசிரியர் விரும்பாவிடினும் கற்பிக்க வேண்டும். புதுதில்லியில் எழுதப்பட்ட நெறிக்கும் மெழுகுத் தட்டுக்கும் இடையே பாடத்திட்டம் நின்றது. பாடத்திட்டத்தைத் திருத்தாத வரையில் சட்டம் வகுப்பறைக்குள் நுழைய வழியில்லை.

5. வயலிலிருந்து வந்த தடை

தவளையைப் பற்றிய முதல் வலிமையான கட்டுப்பாடு கல்வித் துறையிலிருந்து வரவில்லை. ஏற்றுமதி வணிகத்திலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இந்தியத் தவளைக் கால்கள் உறையவைக்கப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் இவ்வேற்றுமதி ஆண்டுக்குச் சில ஆயிரம் டன் அளவை எட்டியது. ஒரு தவளையின் இரு கால்கள் மட்டுமே ஏற்றுமதிக்கு உரியவை என்பதை எண்ணும்போது, வயல்களிலிருந்து அகற்றப்பட்ட உயிர்களின் எண்ணிக்கை எத்தகையது என்பது விளங்கும். இரவில் விளக்கொளியைக் கண்டு திகைத்து நிற்கும் தவளையைக் கையாலோ வலையாலோ பிடிப்பது எளிது. மழைக்காலத்தில் இனப்பெருக்கத்திற்காகக் கூடும்போது இன்னும் எளிது. எனவே முட்டையிட வேண்டிய தவளைகளே மிகுதியாகப் பிடிபட்டன.

1985இல் இவ்விரு தென்னிந்திய இனங்களும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியை முற்றிலும் தடை செய்தது. தவளை குறைந்தால் வயல் பூச்சிகள் பெருகும், பூச்சிக்கொல்லிச் செலவு கூடும் என்னும் வாதம் இத்தடைக்கு வலுவூட்டியது. இவ்வாதத்தை இனவாரியாக நோக்க வேண்டும் என்பதையும் இங்குச் சுட்டுதல் தகும். வயலில் வாழும் பெரிய தவளை பூச்சிகளையும் நண்டுகளையும் சிற்றெலிகளையும் தின்னும். குளத்துப் பச்சைத் தவளையோ வளர்ந்த பின்னர் பெரும்பாலும் நீர்த்தாவரங்களைத் தின்பது பின்னைய ஆய்வுகளில் அறியப்பட்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அப்போதைய நான்காம் அட்டவணையிலும் ரானா பேரினத் தவளைகள் இடம்பெற்றன. இதன் விளைவு கல்லூரிக்கு நேரடியானது. வயலில் பிடித்த தவளையை அனுமதியின்றிச் செய்முறை அறைக்குக் கொண்டுவருவதே சட்டமீறலாயிற்று. இறந்த தவளையை அறுப்பது சோதனையா என்னும் பழைய வினா இங்கு எழவில்லை. அது எவ்வாறு பிடிக்கப்பட்டது என்பதே வினாவாயிற்று. விலங்குவதைச் சட்டம் மெழுகுத் தட்டருகே தயங்கி நின்றது. வனவிலங்குச் சட்டம் வயல்வரப்பிலேயே தவளையை மறித்தது. தவளைக்கு வலி உண்டு என்னும் அறவுணர்வைக் காட்டிலும், தவளை குறைகிறது என்னும் சூழலியல் கவலையே முதலில் செயல்பட்டது என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க கூறாகும்.

6. திருச்சிராப்பள்ளியின் பங்களிப்பு

நெடுங்காலம் செயலற்றிருந்த மேற்பார்வைக் குழு 1990களின் பிற்பகுதியில் மேனகா காந்தியின் தலைமையில் புத்துயிர் பெற்றது. விலங்குகளை வளர்த்தலும் சோதனை செய்தலும் பற்றிய விதிகள் 1998இல் வெளியாயின. 2001இலும் 2006இலும் திருத்தப்பட்டன. இவற்றின்படி, விலங்குகளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொண்டு, நிறுவன விலங்கு அறவியல் குழு ஒன்றை அமைக்க வேண்டும். அக்குழுவில் அறிவியலாளரோடு கால்நடை மருத்துவர், வெளி நிறுவன அறிவியலாளர், அறிவியல் துறை சாராத சமூக அக்கறையாளர், மேற்பார்வைக் குழுவின் பிரதிநிதி ஆகியோரும் இடம்பெற வேண்டும். ஆய்வுத் திட்டத்தை ஆய்வாளர் மட்டுமே தீர்மானித்த நிலை இதனால் மாறியது. அறிவியல் பயிலாத ஒருவருக்கு, இவ்விலங்கு ஏன் தேவை என்று விளக்க வேண்டிய கடமை முனைவர் பட்ட ஆய்வாளருக்கு ஏற்பட்டது.

ஆய்வுக்கு விதி வந்த பின்னரும் கற்பித்தலுக்கு ஈடான மாற்று எது என்னும் வினா நீடித்தது. அதற்கு விடைகாணும் முயற்சி காவிரிப் படுகையின் பல்கலைக்கழகத்திலேயே நிகழ்ந்தது. உயிரியல் கல்வியில் விலங்குப் பயன்பாட்டுக்கு மாற்றுகளைத் தேடும் மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் 2009இல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. விலங்கியல் பேராசிரியராகிய எம்.ஏ. அக்பர்ஷா அதன் இயக்குநராகப் பணியாற்றினார். கணினி வழி உடற்கூற்றுப் பாடங்கள், மாதிரியுருக்கள், ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் ஆகியவற்றின் வாயிலாக அறுத்தல் இன்றியும் விலங்கியல் கற்பிக்கலாம் என்னும் கருத்தை அம்மையம் பரப்பியது. தவளையை அறுத்துப் பயின்று, தவளையை அறுக்கக் கற்பித்த ஒரு தலைமுறையின் ஆசிரியர்களே மாற்றுக்காக வாதிடத் தொடங்கினர் என்பது, இம்மாற்றம் வெளியிலிருந்து மட்டும் திணிக்கப்பட்டதன்று என்பதைக் காட்டும்.

7. 2011, 2014 நெறிமுறைகள்

பல்கலைக்கழக மானியக் குழு, பேராசிரியர் எச்.ஏ. ரங்கநாத் தலைமையிலான வல்லுநர் குழுவின் பரிந்துரைகளின் அடிப்படையில், 2011இல் நெறிமுறைகளை வெளியிட்டது. விலங்கியலிலும் உயிர் அறிவியலிலும் அறுத்தலைப் படிப்படியாகக் கைவிடுவது அவற்றின் நோக்கம். இளநிலையில் மாணவர் அறுத்தல் கூடாது. ஆசிரியர் மட்டுமே ஓரினத்தை அறுத்துக் காட்டலாம். முதுநிலை மாணவர் குறைந்த எண்ணிக்கையிலான இனங்களை அறுக்கலாம் அல்லது அதற்கு ஈடாகத் திட்டப்பணி ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றைக் கண்காணிக்க ஒவ்வொரு நிறுவனத்திலும் குழு அமைய வேண்டும். 2014 ஆகஸ்டில் மானியக் குழு அடுத்த கட்டத்துக்குச் சென்று, இளநிலை, முதுநிலை ஆகிய இரண்டிலும் அறுத்தலை முற்றிலும் நிறுத்துமாறு அறிவித்தது. அதே ஆண்டில் இந்திய மருத்துவக் குழுமமும் இளநிலை மருத்துவ மாணவர்களின் உடலியங்கியல், மருந்தியல் செய்முறைகளில் உயிருள்ள விலங்குகளுக்குப் பதிலாகக் கணினி வழிப் பாடங்களைப் பயன்படுத்துமாறு விதிகளை மாற்றியது.

இம்முறை நெறி வகுப்பறையை அடைந்தது. 1960இல் இயலாதது 2014இல் இயன்றதற்குக் காரணம், ஆணை நேரடியாகப் பாடத்திட்டத்தைத் தொட்டதே. சட்டம் தண்டனையால் செய்ய இயலாததைத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் செய்தது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. உறுப்பின் மென்மை, இரத்தக் குழாயின் நெகிழ்வு, ஓருயிரின் உடலமைப்பு மற்றோருயிரினின்றும் சிறிது வேறுபடுதல் ஆகியவற்றைப் படத்தால் உணர்த்த இயலாது என்று விலங்கியல் ஆசிரியர் பலர் கருதினர். இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. ஆயினும், இளநிலை விலங்கியல் பயில்வோருள் மிகச் சிலரே பிற்காலத்தில் அறுவைத் திறன் தேவைப்படும் ஆய்வுக்குச் செல்கின்றனர். அச்சிலருக்காக அனைவரும் அறுத்தல் என்பது, கைத்திறனுக்காக மட்டும் செய்தல் கூடாது என்னும் 17ஆம் பிரிவின் கருத்துக்கு மாறானது.

8. ஈடான மாற்று என்னும் கடமை

மூன்றாம் பகுதியில் கூறிய நிபந்தனைக்கு இங்கு மீள்வோம். 1960 முதல் 2011 வரை, மாற்று ஈடாக இல்லை என்பது தவளையை அறுப்பதற்கான நியாயமாக இருந்தது. 2014க்குப் பின்னர் அந்நியாயம் நீங்கியது. அதனோடு நிபந்தனையின் மறுமுனையும் மறக்கப்பட்டது. விலங்கு விலக்கப்பட்டது, ஈடான மாற்று வந்ததா என்று கேட்பார் இல்லை.

கட்டுரையாளர் பயின்ற கல்லூரியில் முதலாண்டில் ஆசிரியர் ஒருமுறை அறுத்துக் காட்டினார்; நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒரு மேசையைச் சுற்றி நின்றோம். பின்வரிசையில் நின்றவர்களுக்கு ஆசிரியரின் கை மட்டுமே தெரிந்தது. இறுதியாண்டில் அதுவும் நின்றது. சுவரில் தொங்கிய, நிறம் மங்கிய விளக்கப்படத்தைப் பார்த்துச் செய்முறைக் குறிப்பேட்டில் வரைந்தோம். தேர்விலும் அப்படத்தையே வரைந்தோம். மென்பொருள் உண்டு என்று கேள்வியுற்றோம். அதை இயக்கும் கணினி எங்கள் துறையில் இல்லை. மாணவருள் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். தவளையை அறுக்க நேராததில் பலருக்கு நிம்மதி இருந்தது, கட்டுரையாளருக்கும் இருந்தது. ஆனால் விலங்கியல் பட்டம் பெற்ற நாங்கள் ஓர் இதயத்தை எவ்வடிவிலும் முழுமையாகக் கண்டதில்லை.

ஓர் அனுபவத்தைக் கொண்டு அனைத்துக் கல்லூரிகளையும் மதிப்பிடுதல் முறையன்று. எனினும், மாற்றின் தரம் கல்லூரியின் வசதியைப் பொறுத்து வேறுபடும் என்பதை அது உணர்த்துகிறது. தவளை அனைத்துக் கல்லூரிக்கும் பொதுவாக இருந்தது. மென்பொருளும் தரமான மாதிரியுருவும் அவ்வாறு இல்லை. ஆகவே விலங்குக்கு நீதி செய்த விதி, மாணவரிடையே புதியதொரு ஏற்றத்தாழ்வுக்கு இடமளித்துவிடக் கூடாது. ஈடான மாற்று என்னும் சொற்றொடரைச் சட்டத்தின் சலுகையாக மட்டுமன்றிக் கடமையாகவும் வாசிக்க வேண்டும் என்று இக்கட்டுரை வலியுறுத்துவது இதனாலேயே.

அக்கடமையை நிறைவேற்றக் காவிரிப் படுகைக்குத் தனி வாய்ப்பு உண்டு. பெருநகரக் கல்லூரிக்கு இல்லாத வயலும் குளமும் இங்குக் கல்லூரி வாயிலிலேயே தொடங்குகின்றன. கல்வியாண்டின் முதற்பருவம் ஆற்றில் நீர்வரும் காலத்தோடும், ஐப்பசி மழையோடும், தவளைகளின் இனப்பெருக்கத்தோடும் பொருந்துகிறது. முட்டைத்திரளும், தலைப்பிரட்டையும், வாலிழந்து கரையேறும் இளந்தவளையும் சில வார இடைவெளியில் ஒரே வயலில் காணக்கிடைக்கும். எதையும் பிடிக்காமல், அகற்றாமல், ஒலியைக் கைப்பேசியில் பதிந்து இனங்களை வேறுபடுத்தலாம்; இயற்கை முறை வயலிலும் பூச்சிக்கொல்லி தெளித்த வயலிலும் எண்ணிக்கையை ஒப்பிடலாம். நெல் ஜெயராமனின் முயற்சியால் மரபு நெல் திருவிழாக்கள் நடைபெற்ற ஆதிரெங்கம் திருத்துறைப்பூண்டிக்கு அருகில்தான் உள்ளது. நீர்ப்பறவைகள் கூடும் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயமும் தொலைவில் இல்லை. இவை உடற்கூற்றுப் பாடத்துக்கு முழு மாற்றாகா என்பது உண்மை. அதற்கு மாதிரியுருவும் கணினியும் வேண்டும். ஆனால் விலங்கியல் என்பது உடற்கூறு மட்டுமன்று என்பதைக் கற்பிக்க இவை போதும்.

முடிவுரை

விலங்குகளைக் கல்வியில் பயன்படுத்துவதற்கான விதிகளின் வரலாறு, இரக்கம் மெல்ல வளர்ந்த வரலாறாக மட்டும் அமையவில்லை. ருக்மிணி தேவி எழுப்பிய குரல் 1960இல் சட்டமாயிற்று. அச்சட்டம் கல்லூரியைப் பெயர்சொல்லிக் குறித்தும் பாடத்திட்டத்தின் வாயிலில் நின்றுவிட்டது. 1980களில் ஏற்றுமதித் தடையும் வனவிலங்குச் சட்டமும் வயலில் தவளையைக் காத்தன. 2009இல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்றுக்கான மையம் தோன்றியது. 2011, 2014 நெறிமுறைகள் தேர்வு முறையைத் தொட்டதால் வழக்கம் நின்றது. மேற்பார்வைக் குழு அண்மையில் பெயர் மாற்றம் பெற்றதும், புதிய மருந்துகளுக்கான விதிகள் 2023இல் விலங்கு சாராச் சோதனை முறைகளுக்கு இடமளித்ததும் அதே திசையில் அமைந்த அடுத்த அடிகள்.

திருவாரூர், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதை வழங்கும் ஊர். அக்கதையில் பசு மணியடித்து நீதி கேட்டது. தவளைக்கு அவ்வாறு கேட்கும் வழி இல்லை. அதன் பொருட்டு விதி எழுதப்பட்டது, தாமதமாயினும் நிறைவேறியது. அதே விதியின் மறுபாதிக்கு உரியவர்கள் படுகையின் சிற்றூர்க் கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள். அவர்களுக்கு ஈடான மாற்றை வழங்குதல் சட்டம் 1960இலேயே ஏற்ற கடமை என்பதால், அதைக் கேட்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.